கருஞ்சீரகத்தைக் குறைகூறவில்லை; அதை விற்பவரைக் கேட்கிறோம்



சென்ற ஷஅபான் மாதத்தில், ராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் வாராந்திரப் பெண்கள் தஃலீமுக்கு ஒரு சகோதரியை அவருடைய மருமகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வயது 47. ரமளான் வரப்போகிறது, நோன்பு வைக்கலாமா என்று கேட்பதற்காகவே வந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. நான்கு படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, 38 நாள்களாக அவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அந்த 38 நாள்களும் அவர் தொழவுமில்லை, மருத்துவரிடம் போகவுமில்லை. 'நபிவழி மருத்துவம்' என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விற்கப்பட்ட பொடியை, டப்பா 1,800 ரூபாய் வீதம் வாங்கி, மூன்றாவது டப்பாவை உண்டுகொண்டிருந்தார். "உள்ளே இருக்கும் கழிவு வெளியேறுகிறது, நிறுத்திவிடாதீர்கள்" என்று விற்றவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதை அவர் நம்பிக்கையோடு எங்களுக்கும் போட்டுக் காட்டினார்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 5.4. பெண்களுக்கு 12 இருக்கவேண்டும். இரத்தம் ஏற்றி, கருப்பையில் இருந்த நார்க்கட்டிக்குச் சிகிச்சை தொடங்கினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவர் நலமாக இருக்கிறார். ஆனால் இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஒரு பெண் வயதுக்கு வந்தால் உளுந்தங்களி என்ன, நல்லெண்ணெய் என்ன, பச்சை முட்டை என்ன, இடுப்பு பலப்பட வேண்டும் என்று நன்னிமா முதல் சித்தி வரை ஓடி ஓடிக் கவனிக்கிறார்கள். அதே பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த வாசல் மூடும்போது ஒரு கிண்ணம் களி கிண்டிக் கொடுப்பார் இல்லை. நள்ளிரவில் உடல் முழுக்க நெருப்பு ஏறியதுபோல் வியர்த்து எழுந்து உட்கார்ந்தால், "பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்" என்கிறார்கள். எரிச்சல் வந்தால் திமிர் என்கிறார்கள். அழுதால் ஜின் என்கிறார்கள். சேலத்திலிருந்து நாமக்கல் வரை இதற்குத் தாயத்துக் கட்டி வந்த சகோதரிகளை நாங்கள் ஒருவர் இருவர் அல்ல, பலரைப் பார்த்துவிட்டோம். அவர்களில் தைராய்டு பரிசோதனை செய்திருந்தவர்கள் மிகச் சிலரே.

வெட்கத்தால் பேசவில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? அல்லாஹ்வின் வேதம் வெட்கப்படவில்லை. தலாக் அத்தியாயத்தின் நான்காம் வசனம், மாதவிடாய் நின்றுபோன பெண்களைக் குறிப்பிட்டே அவர்களுக்குரிய இத்தா மூன்று மாதம் என்று சட்டம் சொல்கிறது. தொடர்ந்து இரத்தம் போய்க்கொண்டிருந்த ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) நேராக அல்லாஹ்வின் தூதரிடமே (ஸல்) சென்று தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கி, வழக்கமான நாள்கள் கழிந்ததும் கழுவிக்கொண்டு தொழுமாறு பணித்தார்கள் (புகாரி 228). மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரழி) புகழ்ந்தார்கள் (முஸ்லிம் 332). மதீனாவின் பள்ளிவாசலில் கேட்க முடிந்த கேள்வியைச் சேலத்துச் சமையலறையில் கேட்க முடியவில்லை என்றால், அந்த வெட்கத்துக்கு மார்க்கத்தின் பெயரை வைக்க வேண்டாம்.

இதில் தொழுகையும் சேர்ந்து பாழாவதைத்தான் பலர் உணர்வதில்லை. மாதவிடாய் முற்றிலும் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் அது தாறுமாறாக வரும். இரண்டு மாதம் வராது, வந்தால் இருபது நாள் போகும். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ஹைளு என்பது குறைந்தது மூன்று நாள், கூடியது பத்து நாள். ஷாஃபி மத்ஹபில் கூடியது பதினைந்து நாள். பத்தைத் தாண்டிவிட்டால், அவளுடைய பழைய வழக்கம் ஆறு நாள் என்றால் அந்த ஆறு மட்டுமே ஹைளு, மீதி இஸ்திஹாளா. குளித்துவிட்டு ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூச் செய்து தொழவேண்டும், நோன்பும் வைக்கலாம். இதை எத்தனை ஜும்ஆ பயானில் கேட்டிருக்கிறீர்கள்? நாங்கள் கேட்டதில்லை. ராசிபுரத்துச் சகோதரி தவறவிட்ட தொழுகைகளை ஓர் ஆலிமாவோடு உட்கார்ந்து கணக்கிட்டு இன்னமும் களா செய்துகொண்டிருக்கிறார். பொடி விற்றவர் அந்தக் கணக்கில் எந்தப் பங்கும் ஏற்கவில்லை.

இனி அந்தப் பொடிக்கு வருவோம்.

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர மற்றவற்றுக்கு நிவாரணம் உண்டு என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸை (புகாரி 5688) நாங்கள் ஈமான் கொண்டு ஏற்கிறோம். அதை மறுப்பதாக எவரும் எங்கள்மீது பழி சுமத்த வேண்டாம். ஆனால் எந்த நோய்க்கு, எந்த அளவில், எதனோடு சேர்த்து, எவ்வளவு காலம் என்பதை அந்த ஹதீஸ் வாட்ஸ்அப் வியாபாரிக்குக் குத்தகைக்கு விடவில்லை. அதே நபியவர்கள், மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்தால் விளையும் கேட்டுக்கு அவனே பொறுப்பாளி என்றும் எச்சரித்திருக்கிறார்கள் (அபூதாவூத் 4586). முதல் ஹதீஸை டப்பாவின்மேல் அச்சிடுகிறீர்கள். இரண்டாவதை ஏன் அச்சிடுவதில்லை? மருந்து செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்ற கருத்தில் வரும் இன்னொரு ஹதீஸும் இருக்கிறது (அபூதாவூத் 3855). 'என்றும் இளமை' என்று விளம்பரம் செய்பவர்கள் அந்த விதிவிலக்கையும் சற்றே வாசித்துப் பார்க்கட்டும்.

நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பெண்களின் மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்யும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை அதன் மூன்றாம் பிரிவு தடைசெய்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதும் அதே சட்டத்தில் குற்றம். பொடிக்காரருக்கும் தாயத்துக்காரருக்கும் சேர்த்து ஒரே சட்டம்!

"இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்ற சொல் எங்களுக்கு நெடுநாளாகவே உறுத்துகிறது. அரளி விதையும் இயற்கைதான். இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. சீந்தில் பொடியை அளவின்றி உண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்ணும் பெண், கருஞ்சீரகத்தையும் அளவு மீறிச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கக்கூடும். இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு ஹிஜாமா என்று சொல்லி இன்னும் இரத்தம் எடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது! ஹிஜாமா சுன்னத்தான சிகிச்சைதான். இரத்தம் இல்லாதவளிடம் இரத்தம் எடுப்பது எந்தச் சுன்னத்?

சித்த, யூனானி மருத்துவத்தை நாங்கள் தள்ளிவைக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்கிறோம். பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் நம் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். யூனானிக்குச் சென்னையில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிக்கும் மருந்துகளில் உரிம எண்ணும் தயாரித்த நாளும் இருக்கும். நாடி பார்த்து, முகம் பார்த்து, ஏற்கெனவே உண்ணும் மாத்திரைகளைக் கேட்டு மருந்து தருபவரிடம் போங்கள். குரல்பதிவில் மருந்து தருபவரைத்தான் வேண்டாம் என்கிறோம்.

ஆனால் "நான் உண்டேன், எனக்குக் குணமானது" என்று சகோதரிகள் சத்தியம் செய்கிறார்களே என்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வெப்ப அலை என்பது தானாகவே ஏறி இறங்கும் தன்மையுள்ளது. ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்களுக்கும் அது கணிசமாகக் குறைந்திருக்கிறது. அதே சமயம், அடிக்கடி வெப்ப அலை வரும் பெண்களில் பாதிப்பேருக்கு அது ஏழாண்டுகளுக்கு மேல் நீடிக்கிறது என்று அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று 2015இல் காட்டியது. ஏழாண்டு, மாதம் ஒரு டப்பா. வியாபாரம் ஏன் இவ்வளவு செழிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அப்படியானால் எதுதான் பயன்தரும்? இங்கே நம் விருப்பத்துக்கு வளைக்காமல் உள்ளதைச் சொல்லவேண்டும். வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம், ஹார்மோன் அல்லாத வழிகளை எல்லாம் ஆராய்ந்து 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூலிகைகள், சத்து மாத்திரைகள், சோயா உணவு, யோகா, மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி ஆகிய எவற்றையும் வெப்ப அலைக்குச் சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. போதிய சான்று இல்லை என்றது. எண்ணங்களையும் பதற்றத்தையும் கையாளப் பயிற்றும் மனநலச் சிகிச்சைக்கும், உடல் எடை குறைப்பதற்கும், சில மருந்துகளுக்கும் சான்று உண்டு என்றது. நடந்தால் வெப்ப அலை நின்றுவிடும் என்று நாங்களும் எங்கள் தஃலீமில் சொல்லி வந்தவர்கள்தான். தவறாகச் சொல்லியிருக்கிறோம், திருத்திக்கொள்கிறோம்.

ஆயினும் நடையை விட்டுவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பின்னர் எலும்பு வேகமாகத் தேய்கிறது, இதயநோய் நெருங்கி வருகிறது. நடையும் பளு தூக்கும் பயிற்சியும் அவற்றுக்காக. ஐ.சி.எம்.ஆர். 2020இல் வகுத்த அளவின்படி இந்தப் பருவத்துப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளில் அதைவிட மிக அதிகம். கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் கேழ்வரகையும் சாமையையும் ஏழைகளின் உணவு என்று ஒதுக்கிவிட்டு, நாம் நோன்பு திறப்பதற்கும் விருந்துக்கும் ஜவ்வரிசிப் பாயசம் காய்ச்சுகிறோம். ஜவ்வரிசி நம் சேலத்தின் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது கிழங்கு மாவு, எலும்புக்கு அதில் ஒன்றுமில்லை. நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லில் இருந்துகொண்டு, பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் ஆளுக்கொரு முட்டை வைத்துவிட்டுத் தனக்குக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்ளும் தாய்மார்கள் எத்தனை பேர்! ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். அவளுக்கும் ஒன்று வையுங்கள்.

வெயிலும் நமக்குப் பஞ்சமில்லை. இருந்தும் உடலை மறைத்து வாழும் நம் பெண்களிடம் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. அதிகாலை இளவெயிலில் நின்றால் போதும் என்பது தவறான நம்பிக்கை. அந்த நேரத்தில் அந்தச் சத்து மிகக் குறைவாகவே உருவாகும். சூரியன் நன்கு மேலேறிய பின்னர், கைப்பிடிச் சுவர் உயர்ந்த மொட்டைமாடியில், கையும் முகமும் வெயில்பட இருபது நிமிடம் துணி உலர்த்தினாலே நல்லது. பர்தாவுக்கு எந்தக் குறையும் வராது.

பர்தா என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. நம் நன்னிமார்கள் வெள்ளைப் பருத்தித் துப்பட்டி போட்டு வெளியே போனார்கள். இன்று சித்திரை வெயிலில் காற்றுப் புகாத கறுப்புப் பாலியஸ்டரில் வெப்ப அலையோடு பேருந்தில் நிற்கிறோம். மறைப்பதுதான் கடமை. பாலியஸ்டர் எந்தக் கிதாபிலும் இல்லை. கைத்தறிக்குப் பெயர்போன ஊரில் பருத்தி அங்கி தைத்துக்கொள்வதற்கு யாருடைய ஃபத்வாவும் தேவையில்லை.

மிக மறைவாகப் பேசப்படும் தொல்லை சிறுநீர்க் கசிவு. இருமினால், ஸஜ்தாவுக்குக் குனிந்தால் உளூ முறிந்துவிடுகிறது என்று அழுத சகோதரிகள் உண்டு. தொழுகையையே குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. விடாமல் கசியும் நிலை உள்ளவருக்கு ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு உளூ என்ற சலுகை ஃபிக்ஹில் இருக்கிறது. கசிவுக்கோ, காசு செலவில்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது: சிறுநீரை அடக்குவதற்கு இறுக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. மூன்று மாதம் நாள்தோறும் முறையாகச் செய்தால் பலருக்குக் கசிவு நிற்கிறது அல்லது நன்றாகக் குறைகிறது. இதற்கான சான்று மிக வலுவானது. உண்மையிலேயே இயற்கையான இந்தச் சிகிச்சையை மட்டும் எவரும் விளம்பரம் செய்வதில்லை. டப்பாவில் அடைக்க முடியாதே!

இன்னொரு பக்கத்தாரையும் கேட்டாக வேண்டும். பொடி விற்பவர்கள் ஒருபுறம் என்றால், "வயதாகிவிட்டது, பிள்ளைகளும் போதும், கருப்பையை எடுத்துவிடலாம்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்பவர்கள் மறுபுறம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூவருக்குமேல் கருப்பை அகற்றப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கருப்பையை இழந்த செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சினைப்பையும் சேர்த்து எடுக்கப்பட்டால் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகள் ஒரே இரவில் வந்திறங்கும். அதிக இரத்தப்போக்குக்கு மாத்திரைகள் உண்டு, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. புற்றுநோய் போன்ற கட்டாயம் இருந்தால் அறுவை வேண்டியதே. இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்ற அச்சம் 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே கூடுதல் என்பதுதான் பின்னர் எட்டப்பட்ட முடிவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், இரத்தக்கட்டு வந்தவர்களுக்கு அது ஆகாது. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவேண்டிய ஒன்றைக் குழுச் செய்தி பார்த்து மறுக்காதீர்கள்.

இதை மட்டும் எல்லோரும் மனத்தில் இருத்துங்கள்: மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். அப்படி வருபவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் இருக்கிறது; தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கஷாயம் காய்ச்சிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பதற்கு இதில் இடமே இல்லை.

கணவன்மார்களே, உங்களிடம் நீண்ட பட்டியல் ஒன்றும் இல்லை. நள்ளிரவில் அவள் எழுந்து உட்கார்ந்தால் மின்விசிறியைக் கூட்டுங்கள். சேர்க்கை வலிக்கிறது என்று சொன்னால் நம்புங்கள். வறட்சியால் வரும் அந்த வலிக்கு மருந்து இருக்கிறது, இன்னொரு நிக்காஹ் பேச்சு அதற்கு மருந்தன்று. மருத்துவமனை வரிசையில் அவளோடு நீங்களும் நில்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்பது இது: மஹல்லாவில் மாதம் ஒருமுறை ஒரு பெண் மருத்துவரையும் ஓர் ஆலிமாவையும் ஒரே அமர்வில் உட்கார வைக்க ஒரு கூடம் திறந்துவிடுங்கள். ரமளானுக்குச் சஹர் நேர அட்டை அச்சிட்டு விளம்பரம் வாங்குகிறீர்கள். அதன் பின்பக்கத்தில் ஹைளுக்கும் இஸ்திஹாளாவுக்குமான நாள் கணக்கை அச்சிடுங்கள். பொடி விளம்பரம் இருந்த இடம்தான், புதிதாகக் காகிதம் தேவைப்படாது.

ராசிபுரத்துச் சகோதரியின் மூன்றாவது டப்பாவில் பாதி இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதன்மேல் பள்ளிவாசல் படமும் ஹதீஸும் இருக்கின்றன. உரிம எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, உள்ளே என்னென்ன என்ற விவரமும் இல்லை. விற்றவர் இதை வாசிக்கக்கூடும். அந்த மூன்றையும் எழுதி அனுப்பட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த தஃலீமில் எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டுகிறோம்.